நான் சென்னையில் இருந்த பௌர்ணமி

திருவண்ணாமலையில் வீடு இருப்பவர்களுக்குப் பௌர்ணமியன்று போன் ஓயாது. ரூம் கிடைக்குமா, சீக்கிரம் தரிசனம் பார்க்க ஆள் தெரியுமா?

அதனால் இன்று காலை எம்பிஏ அலும்னி குரூப்பில் கூடப் படித்த தேவகி, "கிரிவலம் வரேன், ஊர்ல இருக்கியா?" என்று கேட்டதும் யோசிக்காமல் பதில் போட்டேன்.

"அய்யோ, சென்னையில இருக்கேன்பா. அடுத்த தடவை கண்டிப்பா!"

சாயங்காலம் பால் பாக்கெட்டும் லுங்கியுமாக திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினால், ஹாலில் தேவகி.

படிக்கும்போது ஒருமுறை வந்து சாப்பிட்டுப் போன வீட்டை மறக்கவில்லை.

"நீ ஊர்ல இல்லன்னியே, அம்மா தனியா இருப்பாங்களேன்னு பார்க்க வந்தேன்" என்றாள்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பால் வாங்கத்தான் போயிருக்கான், இதோ வந்துடுவான்னு நான்தாம்மா உக்கார வச்சேன்."

ரூமும் கேட்கவில்லை, தரிசனமும் கேட்கவில்லை. நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு நடக்கக் கிளம்பிவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது குரூப்பில் போட்டிருக்கிறாள்: "அம்மாவைப் பார்த்துட்டேன், நல்லா இருக்காங்க. நீ சென்னையிலிருந்து பத்திரமா வந்து சேரு."

அதன் கீழே எல்லாரும் இதயம் போடுகிறார்கள். நான் என்ன போடட்டும், சொல்லுங்கள்.