தலைவெட்டி பங்களாவில் ஒரு சுற்று

கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு ஊர் வைத்த பெயர் தலைவெட்டி பங்களா. ஆளுக்கு எட்டாத உயரத்தில் ஜன்னல்கள், எப்போதும் மூடிய கதவு. உள்ளே நடப்பது தெரியாததால் தலையை வெட்டுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் அது, தன் சடங்குகளை வெளியே சொல்லாத ஒரு சகோதரச் சங்கத்தின் கூடம். அப்பா அதில் உறுப்பினர். மாதம் ஒரு சனிக்கிழமை, கத்திரி வெயிலிலும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போவார். உள்ளே என்ன செய்வீர்கள் என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார். சரியான கல்லுளிமங்கன். அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள்.

பிறகு உறுப்பினர்கள் குறைந்து, சங்கம் வேறொரு கிளையோடு சேர்ந்துகொண்டது. போன வருடம் ஓர் அக்கா அந்தக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துக் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார்.

எனக்கு அதுதான் கடைசி நம்பிக்கை. என் மூன்று வயது மகள் செம்பாக்கத்தில் ஏற்கெனவே இரண்டு காப்பகங்களை அழுதே தோற்கடித்திருந்தாள். இங்கும் இருக்க மாட்டேன் என்றால் நான் வேலையை விட வேண்டியதுதான். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல் நாள் அப்பாவும் கூட வந்தார். கதவு அகலத் திறந்திருந்தது. அப்படியும் வாசலில் நின்று மூன்று முறை தட்டினார்.

"தொறந்துதானே கீது சார், உள்ள வாங்க," என்றார் அக்கா.

உள்ளே சங்கம் விட்டுப்போன பழைய தரை, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டது. பிள்ளைகள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் என் கழுத்தை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தாள். அப்பாவோ கட்டங்களை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்தார். மூலை வந்ததும் நின்று, விறைப்பாகத் திரும்பி, மறுபடி நடந்தார். பல வருடப் பழக்கம். தான் செய்வது அவருக்கே தெரியவில்லை.

இரண்டு வாண்டுகள் எழுந்து அவர் பின்னால் நடந்தன. பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி சேர்ந்துகொண்டார்கள். மூலைக்கு மூலை அந்த ரயில் நின்று நின்று திரும்பியது.

இத்தனை வருடம் கட்டிக் காத்த ரகசியம் இதுதானா! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் கழுத்துப் பிடி தளர்ந்தது. மகள் கீழே இறங்கி, ஓடிப்போய்க் கடைசிப் பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் கிளம்பியதை அவள் பார்க்கவே இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று சந்தோஷத்தில் அழுதேன்.

மாலையில் அப்பாவின் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தாள்.

"நாளைக்கும் போறியா?"

"ம்."

"உள்ள என்னடி பண்ணீங்க?"

தாத்தாவை ஒரு பார்வை பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்பா ஒன்றும் தெரியாதவர் போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, எங்கள் வீட்டில் இப்போது கல்லுளிமங்கர்கள் இரண்டு பேர்.