டெபாசிட் என்று நினைத்துப் போட்ட கையெழுத்து

கண் மருத்துவ மேற்படிப்பில் எனக்கு இது இரண்டாம் வருடம். அப்பாவின் இடுப்பு ஆபரேஷனுக்குப் பணம் எடுக்க இன்று காலை நாகர்கோவிலில் வங்கிக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த அக்கா என் தாள்களைப் புரட்டினார்.

"இது டெபாசிட் இல்ல டாக்டர், இன்சூரன்ஸ். அஞ்சு வருஷத்துக்கு எடுக்க முடியாது. வருஷா வருஷம் கட்டவும் செய்யணும்."

"டெபாசிட்னு சொல்லித்தானே வாங்கினாங்க?"

"வாசிச்சுப் பாக்காமலா கையெழுத்து போட்டிய?"

ஆமாம். போன வருடம் ஹாஸ்டலுக்கு வந்த வங்கி ஏஜென்ட் விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டேன். ஸ்டைபெண்டில் மிச்சம் பிடித்த மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

வெளியே வந்து சுசீந்திரத்தில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"சரி மக்கா. வயல்ல அறுப்பு முடியட்டும், பிறவு பாப்போம். இவ்வளவு நாளு நொண்டியாச்சுல்லா" என்றார்.

திட்டியிருக்கலாம்.

மதியம் கூடப் படிக்கும் மூன்று பேரிடம் நடந்ததைச் சொன்னேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அவர்களில் குளச்சல்காரி மட்டும் மெதுவாகக் கேட்டாள்:

"ஏட்டி, நாங்களும் அந்த ஏஜென்ட்கிட்டதானே போட்டோம்? அப்போ எங்களுக்கதும் டெபாசிட் இல்லியா?"

டாக்டர் நண்பர்களே, அலமாரியைத் திறந்து உங்கள் டெபாசிட் தாளை வாசித்துவிட்டுக் கீழே கமெண்டில் சொல்லுங்கள். நாங்கள் இப்போது நான்கு பேர்.