கல்யாணக் காருக்கு நான் வரைந்த மரம்

இரும்புத் தகட்டில் மரம் வரைய என்னால் முடியும் என்று ஐம்பது வயதுக்கு மேல் நம்பினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அண்ணன் மகளுக்கு வாடகைக்குப் பேசியிருந்த கல்யாணக் காரை நானே வேண்டாமென்று சொல்லிவிட்டு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் கோயிலுக்கு அவள் என் பழைய காரில்தான் போக வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.

அந்தக் காரில் டாஷ்போர்டும் கதவுகளின் மேல்விளிம்பும் இரும்பு. மரம் மாதிரி தெரிய அதன்மேல் பெயிண்டில் ரேகை போட்டிருப்பார்கள். என் காரில் அது சொறிநாயின் முதுகு போல உரிந்து கிடந்தது. தகடுகளைக் கழற்றி அடுக்குமாடி வீட்டின் ஸ்டோர் ரூமில் பரப்பினேன். முதலில் மஞ்சள் கலந்த பழுப்பு. அது காய்ந்ததும் அடர்பழுப்பைத் தடவி, உலர்ந்த பிரஷ்ஷால் இழுத்தால் ரேகை விழும். விழுந்தது. தேக்கு போல அல்ல, நேற்றைய மீன் குழம்பில் படிந்த ஆடை போல. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். குழம்பு மாறியதே தவிர மரம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேல்பூச்சு அடித்தேன். ஈரத்தில் தூசி ஒட்டக்கூடாதென்று ஜன்னலையும் கதவையும் அடைத்தேன். முகத்தில், பெருந்தொற்றுக் காலத்தில் மிஞ்சிய காகித மாஸ்க். அது தும்மலைத் தடுக்கும், பெயிண்டில் கலந்த தின்னர் ஆவியைத் தடுக்காது. வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும், காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது என்று பெயிண்ட் டப்பாவின் பின்பக்கத்தில் போட்டிருந்ததாம். வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் டப்பாவையா படிப்பான்? சற்று நேரத்தில் நாக்கில் நகப்பூச்சு ருசித்தது. பிரஷ் கழுவும் வாளியிலேயே வாந்தி எடுத்தேன். அதன்மேல் வண்ண வண்ணமாக எண்ணெய் மிதந்ததைக் குனிந்து பார்த்து, மறுபடி எடுத்தேன்.

வெளியே மனைவியின் குரல். "என்னங்க, கதவத் திறங்க. சாம்பிராணி காட்டணும்."

வெள்ளிக்கிழமை. தணல் கனியும் தூபக்காலோடு வீடு முழுக்கச் சுற்றிவருவாள், ஸ்டோர் ரூம் உட்பட.

"உள்ள வராத. நெருப்ப அணை."

"பொணம் ஏதும் வச்சிருக்கீங்களா? நாத்தம் லிஃப்ட் வரைக்கும் வருது லா."

"தின்னர். பத்திக்கும்."

பிறகு சமையலறைத் தொட்டியில் தணல் சீறி அடங்கியது. "வெள்ளிக்கெழம அதுவுமா என் கையால சாம்பிராணிய அணைக்க வச்சிட்டீங்க" என்றாள். அன்றிரவு அவள் பரிமாறிய சோற்றிலும் தின்னர்தான் மணத்தது.

அடைத்த அறையில், தடித்தடியாக அடித்த பூச்சு முழுசாகக் காயவில்லை. வேறு வழியில்லாமல் சனிக்கிழமை தகடுகளைத் திரும்பக் காரில் பூட்டினேன். ஞாயிறு காலை, அலங்காரம் கலையக்கூடாதென்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மணப்பெண்ணோடு புறப்பட்டேன். வழியில் ஷா ஆலம்கூடத் தாண்டவில்லை, அவளுடைய முழங்கை கதவு விளிம்பில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்ததில் பட்டு ரவிக்கையில் பழுப்புக் கறை.

"சித்தப்பா, ஓரமா நிப்பாட்டுங்க. கொமட்டுது."

இறங்கியவள் திரும்ப ஏறவில்லை. பின்னால் வந்த பூக்காரர் வேனில் ஏறிப் போய்விட்டாள். மாலை கட்டிய காரை நான் தனியே ஓட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் பக்கத்து லோரிக்காரர் எட்டிப் பார்த்து, "பாஸ், பொண்ணு எங்க?" என்றார்.

தாலி கட்டியாயிற்று. சாப்பாடு முடிந்ததும் அவளிடம் போய், அந்த மரத்துக்காகத்தான் இவ்வளவு பாடும் என்றேன்.

"மரமா?" என்றாள். "துரு பிடிச்சிருக்குன்னு நெனச்சேன் சித்தப்பா. மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல."