அண்ணி வேண்டாமென்ற ரப்பர் ஷீட்

தட்டைக் கூரை போட்ட கட்டடம் எதுவானாலும், கடையோ கிடங்கோ ஆஸ்பத்திரியோ, மழை விட்ட மறுநாள் அதன் உச்சியில் ஒரு பெண் சாக்பீஸும் கையுமாகக் குந்தியிருந்தால் அது கூரைக்காரம்மாதான். தேங்கி நிற்கும் தண்ணீரைச் சுற்றிக் கோடு போடுவாள். வெயில் ஏற ஏறத் தண்ணீர் சுருங்கும். சுருங்கியதைச் சுற்றி இன்னொரு கோடு. சாயங்காலம் முதலாளிமார் ஏறி வந்து பார்த்தால் சின்னப்பிள்ளை கிறுக்கிய சுவர் மாதிரி இருக்கும். ஒழுகாமலிருக்கக் கூரை மேல் எந்த ஷீட் போடலாம் என்று கேட்டால் படம் வரைகிறாளே என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. "தண்ணி எங்க உட்காருதுன்னு தெரியாம ஷீட்டப் பத்தி என்னத்தப் பேசறது?" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

அவள் பிறந்ததிலிருந்தே கூரையில் குடியிருந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மழைக்கோட்டு செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். தையல் போட்டால் ஊசித் துளையில் தண்ணீர் இறங்கும் என்று அங்கே ஓரங்களைச் சூடு வைத்துத்தான் சேர்ப்பார்கள். கம்பெனியை இழுத்து மூடியதும் கூரை வேலைக்கு வந்தாள். இங்கேயும் அதே சூடு, அதே ஓரம். கோட்டு போடுகிறது மட்டும் மனுஷன் இல்லை, கட்டடம். நாளாக ஆக, ஒட்டுவதைவிட எதை ஒட்டுவது என்பதில்தான் கூரையின் ஆயுள் இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டது. தாரை அடுக்கடுக்காக ஊற்றிய காலம் போய், ஒரே அடுக்கு ஷீட்டை விரித்து மூடும் காலம் வந்திருந்தது. ஒரே அடுக்கு என்றால், தப்பு நடந்தால் தாங்கிப் பிடிக்க அடியில் இன்னொன்று கிடையாது. அதனால் எந்த ஷீட் என்று யோசனை கேட்கிறவர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவன் அவளுடைய கொழுந்தன். தொழில் மாற்றுவது அவனுக்குச் சட்டை மாற்றுவது மாதிரி. மீன்தொட்டி விற்றான், செல்போன் ரிப்பேர் பார்த்தான், குளிர்பெட்டி வாடகைக்கு விட்டான். கடைசியாக, அண்ணி இருக்கிற தைரியத்தில், கறுப்பு ரப்பர் ஷீட்டுக்கு ஏஜென்சி எடுத்தான். இதுவும் படுத்துக்கொண்டால் மாமனார் கடையில் கல்லா ஓரம் உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துக் காலம் தள்ள வேண்டும். மாமனார் வாய் சாதாரண வாய் இல்லை.

முதல் பெரிய வாய்ப்பு உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. பெரிய கூரை, ஏகப்பட்ட ஒழுகல். முதலாளி கறுப்பு ஷீட்டைத் தொட்டுப் பார்த்ததும் மயங்கிவிட்டார். "இதுல்ல தடிப்பு. இன்னொருத்தன் காட்டின அந்த வெள்ளை பிவிசி ஷீட் சாப்பாட்டு மேசை விரிப்பு மாதிரில்ல இருக்கு" என்றார். ஆனாலும் கூரைக்காரம்மா சரி சொல்லட்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். கொழுந்தனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வீட்டு ஆள்தானே.

வீட்டு ஆள் கூரையில் ஏறினாள். வறுக்கும் கூடத்துப் புகை வெளியே வரும் பெரிய மின்விசிறிகள் பக்கம் போய், கூரைத் தளத்தில் விரலைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனாள். கீழே இறங்கி வந்து, "தம்பி, உன் ஷீட் இங்க வேண்டாம்" என்றாள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"மேல பூரா எண்ணெய்ப் பிசுக்கு. ரப்பர் எண்ணெயக் குடிச்சா உப்பிடும். பள்ளிக்கூடம், கிடங்கு எதுன்னாலும் உன் ஷீட்டத்தான் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இங்க பிவிசிதான் தாங்கும்."

அன்றிலிருந்து அவன் அண்ணிக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன்காரன் சமாதானம் பேசப் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியில் அண்ணியே ஒரு வழி சொன்னாள். ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை விசிறி வாய்க்கு நேராக விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, மழைக்காலம் முடியும்வரை விட்டுவைப்போம். பிறகு முதலாளியே பார்த்து முடிவு பண்ணட்டும். கொழுந்தனும் ஒத்துக்கொண்டான். தன் சரக்கின் மேல் அவனுக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்தது, பாவம்.

பார்க்கிற நாள் காலையில் மனசு கேட்காமல் மற்றவர்களுக்கு முன்னாலேயே ஏறிப்போனான். துண்டு நனைந்த அட்டை மாதிரி உப்பி, அலையலையாக நெளிந்து கிடந்தது. கல் உட்கார்ந்திருந்த மூலைகள் மட்டும் பழையபடி தட்டையாக, சுத்தமாக இருந்தன. மாமனார் கடைக் கல்லா கண் முன்னால் வந்து நின்றது. மளமளவென்று அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்தான். சாம்பிளுக்கென்று பையில் வைத்திருந்த புதுத் துண்டை விரித்தான். விசிறி ஓரத்துப் பிசுக்கை வழித்து, ஒரு இடம் விடாமல் பூசினான். மேலே கல்லைத் தூக்கி வைத்தான். வேலை என்னவோ கச்சிதமாகத்தான் தெரிந்தது.

முதலாளியும் அண்ணியும் வந்தார்கள். முதலாளி குனிந்து துண்டைத் தடவினார். "அழுக்கு பிடிச்சிருக்கு. மத்தபடி சிங்கமாட்டம் இருக்கே!"

அண்ணி துண்டின் ஓரத்தில் குந்தினாள். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினாள். பிறகு ஒரு மூலைக் கல்லைத் தூக்கினாள். கல்லுக்கு அடியிலும் அதே அழுக்கு. மழைக்காலம் முழுக்க மூடிக்கிடந்த இடத்தில் புகை எப்படிப் போய்ப் படியும்? கொழுந்தனுக்குத் தன் முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. அவள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

"இந்தக் கூரைக்கு ரப்பர் வேண்டாம் சார்."

"துண்டு நல்லாத்தானேம்மா இருக்கு?"

"துண்டு எப்படி இருந்தாலும் நான் சொல்றது அதான். என் பேர்ல எடுத்துக்கங்க."

முதலாளியின் முகம் மாறியது. "சொந்தக் கொழுந்தன் சரக்கையே வேண்டாங்கறீங்க. கண்ணெதிர இருக்கறதையும் இல்லேங்கறீங்க. அந்த வெள்ளை ஷீட்காரன் உங்கள நல்லாக் கவனிச்சுக்கறான் போல."

மழைக்கோட்டுக் கம்பெனி நாளிலிருந்து ஒருவரும் அவளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவள். வழக்கமாக அவளிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். இன்று கல்லுக்கு அடியைக் காட்டி ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம். அவள் காது மடல் சிவந்தது, அவ்வளவுதான். கொழுந்தனுக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. இவன் செய்த அசிங்கத்தை அவள் சுமந்துகொண்டு நிற்கிறாள் என்பது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

பையைத் திறந்தான். சுருட்டியதை இழுத்து முதலாளியின் காலடியில் விரித்தான். அது நெளிந்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கிடந்தது.

"இதுதான் சார் இங்க கிடந்த துண்டு. காலைல நான்தான் மாத்தி வச்சேன். அண்ணி சொன்னதுதான் நிஜம்."

முதலாளி உப்பிய ரப்பரைக் காலால் அழுத்தினார். அது மெத்தென்று அமுங்கியது. அண்ணியைப் பார்த்து, "தப்பாப் பேசிட்டேம்மா" என்றார். கொழுந்தன் பக்கம் திரும்பவே இல்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வெள்ளை ஷீட்டுக்கே ஏற்பாடு பண்ணச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஏணியருகே இருவரும் நின்றார்கள்.

"கல்லத் தூக்கினப்பவே தெரிஞ்சிருச்சுல்ல அண்ணி?"

"ம்."

"அப்ப ஏன் சொல்லல? அந்தாளு அப்படிப் பேசறப்பகூட?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

அண்ணி ஏணியில் ஒரு கால் வைத்தபடி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அது.

"அவர் கீழ போறதுக்குள்ள நானே சொல்லியிருப்பேன். உனக்காக என்னை என்ன பேசினாலும் கேட்டுக்குவேன் தம்பி. இந்தக் கூரைக்கு அடியில அத்தன பேர் வேலை பார்க்கறாங்க. அதை விட்டுக்குடுக்க முடியாது."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கொழுந்தன் உடனே இறங்கவில்லை. ஆர்டர் போனது வலித்தது. சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அவன் நெஞ்சில் நின்றது அவள் வாயைக் கட்டிக்கொண்டு நின்றது அல்ல. அவன் சொல்லாவிட்டால் தானே சொல்லியிருப்பேன் என்பதையும் அவனிடமே மறைக்காமல் சொன்னாளே, அதுதான்.