ரெபெக்கா அக்காவின் மஞ்சள் முக்கோணம்

ரெபெக்கா அக்கா இறந்த செய்தி எங்கள் ஷூ கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. முதலில் இரங்கல் எழுதியவர் மேனேஜர். ஈடு செய்ய முடியாத இழப்பாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவின் சுவரில் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னவரே அவர்தான்.

ஆம்பூரில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் கேண்டீன் சுவர் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா சாம்பிள் பிரிவில் ஷூ டிசைன் போட்டவர். ஷூவுக்கான துண்டுகளை வெட்டியபின் தோலில் கழிவு மிஞ்சும். கோணல் முக்கோணம், பிறை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட சதுரம். குப்பைக்குப் போகும் அந்த வடிவங்களைப் பொறுக்கி, பெரிதாக வரைந்து, உடைத்த பீங்கான் ஓடுகளால் சுவர் முழுக்கப் பதித்தார். சிவப்பு, மஞ்சள், அடர்நீலம். பூ இல்லை, யானை இல்லை. "வெட்டினது வெளிநாட்டுக்குப் போய்டுது. மிச்சம் நம்மளுது" என்பார்.

கலர் ஜாஸ்தி, கண் கூசுகிறது என்று மேனேஜர் அன்றே குறைபட்டுக்கொண்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "காலைலேர்ந்து கறுப்பும் பழுப்புமா தோலையே பாத்துட்டு சோறு துன்ன வர்றாங்க சார். அவங்க கண்ணுக்கு இன்னா ஜாஸ்தி?" தையல் பிரிவில் நாங்கள் அந்தச் சுவரைப் பார்த்த பெஞ்சுக்குத்தான் அடித்துப் பிடித்து ஓடுவோம்.

அக்கா உடம்பு முடியாமல் வேலூர் பாகாயத்தில் மகள் வீட்டில் படுத்திருந்தபோது, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்று பெயிண்டை அடித்துவிட்டார்கள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த பையர் கேண்டீன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் போய் அக்காவிடம் சொன்னேன். "ஓட்டு மேல பெயிண்ட் நிக்காது. சுரண்டச் சொல்லு" என்றார். சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். பார்க்காமலே அக்கா போய்விட்டார்.

இரங்கல் கூட்டமும் அதே கேண்டீனில்தான். அக்காவின் படம் மாட்ட அந்தச் சுவரிலேயே ஆணி அடித்தார்கள். பெயிண்ட் உதிர்ந்து ஒரு மஞ்சள் முக்கோணம் பெயர்ந்து விழுந்தது. நான் எடுத்துக்கொண்டேன். அதற்குள் மேனேஜர் மைக்கைப் பிடித்து அக்காவின் கலைத் திறமையைப் புகழ ஆரம்பித்திருந்தார். வெட்கம் கெட்ட பேச்சு.

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, முக்கோணத்தைக் கொடுங்கள், ஒட்டி மேலே பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார்.

"மொதல்ல செவுத்தச் சுரண்டுங்க சார்" என்றேன்.

இன்னும் சுரண்டவில்லை. அந்த முக்கோணம் என் தையல் மெஷின்மேல், அவர் ரவுண்டு வரும்போது கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். தர மாட்டேன்.