தச்சர் நிமிர்த்திய பேருந்து

தச்சரின் பட்டறைக்குப் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். தெருப் பிள்ளைகள் மரத்துண்டும் அட்டையுமாக எதையாவது ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அவரோ காதில் பென்சிலைச் செருகியபடி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பார். தொடவே மாட்டார். சாய்வு பார்க்கும் ரசமட்டம் இல்லாமலேயே கதவு அரை நூல் சாய்ந்திருப்பதைச் சொல்லும் மனிதருக்கு அது லேசுப்பட்ட காரியமா!

எல்லாம் ஒன்பது வயது மகளால் வந்தது. பட்டறையில் மிஞ்சிய சாமான்களைக் கூடையில் போட்டு, "உன் இஷ்டத்துக்கு எது வேணாலும் செய், கண்ணு" என்று கொடுத்தவர் அவரேதான். நான்கு நாள் சோறு தண்ணீர் மறந்து, அவள் அட்டையில் ஒரு பேருந்து செய்தாள். அது இடப்பக்கம் சாய்ந்து நின்றது. தச்சருக்குக் கை துறுதுறுத்தது. ஞாயிறு காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அடிப்பாகத்தைப் பிரித்து, மூலைமட்டம் வைத்துக் கச்சிதமாக நிமிர்த்திவிட்டார். அதில் பெருமை வேறு!

ஈரத் தலையோடு வந்தவள் பார்த்தாள்.

"யாருப்பா இதைத் தொட்டது?"

"கோணலா இருந்துச்சு கண்ணு. அப்பா சரி பண்ணிட்டேன்."

"கோணல் இல்லப்பா! படியில இத்தனை பேர் தொங்கினா வண்டி சாயாதா?"

படியில் ஒட்டுவதற்காக அவள் வெட்டி வைத்திருந்த காகித மனிதர்களை அப்போதுதான் கவனித்தார்.

"இனிமே நீங்களே செஞ்சுக்கோங்க" என்று கூடையைத் தள்ளிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் அவள் கத்தரிக்கோலைத் தொடவில்லை. தச்சர் தினமும் கூடையை எட்டிப் பார்த்தார். இனி இவள் எதையுமே செய்யாமல் போய்விட்டால்? இன்னொருவராக இருந்தால், "இத்தனூண்டு பிள்ளைக்கு இவ்வளவு ரோஷமா?" என்று அதட்டியிருப்பார். இவர் அடுத்த ஞாயிறு மகளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"உன்னைக் கேக்காம தொட்டது என் தப்புதான். எவ்வளவு சாயணும்னு சொல்லு. நான் பிடிச்சுக்கறேன், நீ ஒட்டு."

அவள் உடனே மசியவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் பசையை எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்... ஐயோ, நிமிர்த்தாதீங்கப்பா!"

பசை காயும்வரை, கை மரத்துப்போக, அசையாமல் பிடித்திருந்தார். அப்பேர்ப்பட்ட மனிதர் அவர்!

மாலையில் பார்த்தால், படியில் தொங்கும் கூட்டத்தில் புதிதாக ஓர் ஆள். காதில் தீக்குச்சிப் பென்சில்.

"இது யாரு?"

"நீங்கதான். லேட்டா வந்தீங்கல்ல, உள்ள இடமில்ல. கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."