பெயர் மறந்தவருக்கு ஒரு பட்டு

தபியா மரத்தடியில் பட்டுக்கூடு பொறுக்கும்போது ரவூனி தனக்குத்தானே பேசிக்கொள்வாள். ஊர் இதைக் கிறுக்கு என்றது. பேச ஆளில்லாத வீட்டுக்காரி வேறு எங்கே போய்ப் பேசுவாளாம்?

அது காட்டுப் பட்டுப்பூச்சியின் கூடு. மடகாஸ்கரை விட்டால் அந்தப் பூச்சிக்கு வேறு நாடு கிடையாது. கூட்டின் மயிர் விரலில் ஏறினால் அரிப்பு லேசில் விடாது. ரவூனி கூட்டை அறுத்து, உள்ளே இருக்கும் புழுவை வறுத்துச் சோற்றோடு தனியாகத் தின்பாள். பூச்சி துளைபோட்டுப் பறந்துபோன வெற்றுக் கூடுகளையும் விடமாட்டாள். எல்லாவற்றையும் வேகவைத்து, தொடையில் உருட்டி நூலாக்கி, செத்தவருக்குச் சுற்றும் சவப்பட்டு ஒன்றே ஒன்று நெய்து வைத்திருந்தாள்.

யாருக்கு என்பதில்தான் சண்டை. நீலக்கல் தோண்டத் தெற்கே போன அவள் கணவன் மனித்ரா பல வருடமாகத் திரும்பவில்லை. உடல் கிடைக்காதவருக்குக் கல் நட்டு, அந்தக் கல்லுக்குப் பட்டுப் போர்த்துவது வழக்கம். சில வருடத்துக்கு ஒருமுறை குளிர்காலத்தில் கல்லறையைத் திறந்து, செத்தவர்களை வெளியே எடுத்துப் புதுப் பட்டுச் சுற்றி மறுபடி உள்ளே வைப்பார்கள். கொழுந்தன் ஃபேனு அந்தக் குளிர்காலத்தில் மறுபடி வந்து நின்றான்.

"அண்ணி, கல்லறை திறக்கப்போறோம். அண்ணனுக்கும் கல்லை நட்டுடுவோமே. எத்தன நாளைக்கு அவரை அந்தரத்துல நிறுத்துவீங்க?"

"நட்ட மறுநாளே அவர் வாசல்ல வந்து நின்னா? நீயா பதில் சொல்வே?"

"இவ்வளவு நாளா எந்த மாட்டுல ஏறி வர்றாராம்?"

"உன் வாயில மண்ணப் போட!" என்று விரட்டினாள். அன்றும் அவருக்காகக் கதவைத் தாழிடாமல்தான் படுத்தாள்.

கல்லறை திறந்த அன்று குழலும் மேளமும் காதைப் பிளந்தன. அவரவர் தங்கள் அப்பாவை, அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளில் வாங்கி, பழைய துணிமேல் புதுப் பட்டைச் சுற்றினார்கள். சிரிப்பும் சாராயமுமாக ஒரே கொண்டாட்டம். ரவூனி மட்டும் பட்டும் கையுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஈ காக்கைகூட அவள் பக்கம் வரவில்லை.

கடைசியில் பாயில் ஓர் உடல் மிஞ்சியது. சுற்றியிருந்த துணி நைந்து உதிர்ந்துவிட்டிருந்தது.

"இது யாரு?" என்றான் ஃபேனு. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பேரு மறந்துபோச்சுப்பா. சொந்தம்னு யாரும் மிச்சமில்ல. பாயையே சுத்தி உள்ள வைச்சிடுங்க" என்றார் ஒருவர்.

ரவூனி ஓரத்திலிருந்து எழுந்தாள். விறுவிறுவென்று வந்து பட்டை உதறி விரித்தாள்.

"வெறும் பாயா? இவருக்குக் குளிராதா?"

"அண்ணி, அது அண்ணனுக்குன்னு..."

"அந்தப் பக்கத்தைப் பிடிடா."

இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு மடியில் கிடத்திக்கொண்டாள். பிள்ளை இல்லாதவள், அந்த மடியில் அதுவரை யாரும் படுத்ததில்லை. தடவிக்கொடுத்துக்கொண்டே, காட்டில் பேசுவதுபோலப் பேசினாள்.

"நான் ரவூனி. நீங்க யாரோ, இருக்கட்டும். தெக்க எங்க வீட்டுக்காரரையும் இப்படித்தான் யாரோ ஒருத்தி மூடிப் புதைச்சிருப்பா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஃபேனு தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"கல்லைப் பார்த்து வை, தம்பி. அதுக்கு இனிமேதான் நெய்யணும்" என்றாள் ரவூனி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.